கெங்குவார்பட்டிக் கல்லில் பாதியில் நின்ற வினைகள்

வத்தலக்குண்டுக்கும் பெரியகுளத்துக்கும் இடையே, கொடைக்கானல் பேருந்துகள் மலையேறத் தொடங்கும் காட்ரோட்டுக்குப் பக்கத்தில் கெங்குவார்பட்டி என்ற ஊர் இருக்கிறது. சுற்றுலா போகிறவர்கள் அங்கே இறங்குவதில்லை. தோப்புகளுக்கு மேலே எழுந்து நிற்கும் மலையைப் பார்த்தபடியே கடந்துவிடுவார்கள். ஆனால் உயர்தர உருமாற்றப் பாறைகளை, அதாவது ஆழத்தில் கடும் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் மாறிய பாறைகளைப் படிக்கிறவர்கள், உலகின் எந்த மூலையில் இருந்தாலும், அந்த ஊர்ப் பெயரை ஒரு முறையாவது வாசித்திருப்பார்கள். முதுகலை படித்த காலத்தில் களப்பணிக்காக அங்கே போயிருந்தபோது, வயலோரத்தில் துருத்திக்கொண்டிருந்த ஒரு பாறைப் புடைப்பிலிருந்து நான் சுத்தியலால் உடைத்தெடுத்த கல் ஒன்று இன்றும் என் மேசையில் இருக்கிறது. உள்ளங்கைக்குள் அடங்கும் அளவுதான். கையில் எடுத்தால், அந்த அளவுக் கல்லிடம் எதிர்பார்ப்பதைவிட எடை கூடுதலாகத் தெரியும். சுண்டைக்காய் அளவுள்ள சிவந்த கார்னெட் படிகங்கள், அவற்றைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் ஒரு விளிம்பு, வெயிலில் சாய்த்துப் பார்த்தால் அங்கங்கே கருநீலப் புள்ளிகள். இந்தக் கல் ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன், ஒரு மலைத்தொடரின் அடிவேரில், முப்பது கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில், ஆயிரம் டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பத்தில் இருந்தது. அதை எப்படி அறிகிறோம், அந்த அறிதலில் எதை முழுமையாக நம்பலாம், எங்கே நிதானம் தேவை என்பதை இந்தப் பதிவில் எழுத விரும்புகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். நான் சொல்லும் மலைத்தொடர் இன்று நாம் பார்க்கும் பழனி மலை அல்ல. இன்றைய மலை, மிகப் பிற்காலத்தில் நிலம் உயர்ந்து, ஆறுகளும் மழையும் அறுத்ததால் உருவான மேட்டு நிலம். அதை ஆக்கியிருக்கும் பாறைகள்தான் பழையவை. அந்தப் பாறைகள் உருமாறிய காலத்து மலைத்தொடர் முற்றாகத் தேய்ந்து போய்விட்டது. கோண்டுவானா என்னும் பெருநிலம் ஒன்றுசேர்ந்தபோது, ஆப்பிரிக்காவின் கிழக்குப் பகுதி, மடகாஸ்கர், தென்னிந்தியா, இலங்கை, அண்டார்டிகாவின் ஒரு பகுதி ஆகியவை ஒன்றோடொன்று மோதி இணைந்தன. இடையில் இருந்த மொசாம்பிக் பெருங்கடல் மூடிக்கொண்டது. அந்த மோதலில் எழுந்த நீண்ட மலைத்தொடரின் சிகரங்களைப் பார்க்க அப்போது கண்ணுள்ள உயிர்கள் நிலத்தில் இல்லை. இன்று மதுரை, தேனி, திண்டுக்கல், விருதுநகர் மாவட்டங்களில் நாம் மிதித்து நடப்பது அந்த மலையின் உச்சியை அல்ல, அதன் அடித்தளத்தை. ஒரு பெரிய கோபுரம் முழுவதும் கரைந்து போய், கருவறைக்கும் கீழே இருந்த அஸ்திவாரக் கற்கள் வெளியே வந்துவிட்டதைப் போன்றது இது.

கல்லுக்குத் தன் ஆழம் எப்படித் தெரியும் என்ற கேள்விக்கு, வகுப்பில் நான் எப்போதும் அலுமினியம் சிலிக்கேட்டிலிருந்துதான் தொடங்குவேன். ஒரே வேதியியல் கூட்டமைவு, மூன்று கனிமங்கள்: ஆண்டலுசைட், கயனைட், சில்லிமனைட். ஒன்றுக்கொன்று ஓர் அணுகூட வித்தியாசம் இல்லை. அணுக்கள் அடுக்கப்பட்ட விதம் மட்டுமே வேறு. அழுத்தம் குறைவான இடத்தில் ஆண்டலுசைட் நிலைக்கும். அழுத்தம் கூடினால் அணுக்கள் நெருங்கி அமைந்த கயனைட் உருவாகும். வெப்பம் கூடினால் சில்லிமனைட். சுமார் 500 டிகிரியும் 4 கிலோபாருக்குச் சற்றுக் குறைவான அழுத்தமும் சேருமிடத்தில் மூன்றும் ஒன்றாக நிற்க முடியும். ஒரு கிலோபார் என்பது ஏறத்தாழ மூன்றரை கிலோமீட்டர் தடிமனுள்ள பாறையின் சுமை என்று வைத்துக்கொண்டால், ஒரு பாறையில் கயனைட் இருக்கிறதா சில்லிமனைட் இருக்கிறதா என்று பார்த்த மாத்திரத்தில் அதன் ஆழத்தையும் சூட்டையும் பற்றி ஓரளவு பேசத் தொடங்கிவிடலாம். 1893-ல் ஜார்ஜ் பாரோ ஸ்காட்லாந்து மேட்டு நிலங்களில் நடந்து நடந்து, கயனைட் தோன்றும் எல்லையையும் அதற்கப்பால் சில்லிமனைட் தோன்றும் எல்லையையும் வரைபடத்தில் குறித்தது இந்த எண்ணத்தின் தொடக்கம். அவரிடம் இருந்தவை வரைபடமும் சுத்தியலும் ஒரு நுண்ணோக்கியும்தான். அந்த எல்லைகளின் பெரும்பகுதி இன்றும் மாறாமல் நிற்கிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மரியாதை கூடுகிறது.

ஆனால் ஒரு கல் ஓர் அழுத்தத்தையும் ஒரு வெப்பநிலையையும் மட்டும் சொல்வதில்லை. மலை எழும்போது பாறை கீழே போகிறது. மலை தேயும்போது மேலே வருகிறது. இந்தப் பயணத்தில் அழுத்தமும் வெப்பமும் ஒரே சீராகக் கூடிக் குறைவதில்லை. இதைத் தெளிவான கணக்காகச் செய்து காட்டியவர்கள் பிலிப் இங்கிலாந்தும் ஆலன் தாம்சனும், ஆண்டு 1984. இரண்டு கண்டங்கள் மோதி ஒன்றன்மேல் ஒன்று ஏறும்போது, மேலோட்டின் தடிமன் குறுகிய காலத்தில் இரட்டிப்பாகிறது. அடியில் சிக்கிய பாறையின் மேல் சுமை உடனே ஏறிவிடுகிறது. ஆகவே அழுத்தம் உடனே உயர்கிறது. வெப்பமோ அப்படி ஓடி வருவதில்லை. பாறை வெப்பத்தை மிக மெதுவாகக் கடத்தும். முப்பத்தைந்து கிலோமீட்டர் தடிமனுள்ள அடுக்கின் ஊடே கடத்தல் வழியாக மட்டும் வெப்பம் பரவி நிலைகொள்ள 4 கோடி ஆண்டு அளவில் ஆகும். எனவே பாறை ஆழத்தில் காத்திருக்கிறது. யுரேனியம், தோரியம், பொட்டாசியம் ஆகிய தனிமங்களின் கதிரியக்கச் சிதைவு அந்தத் தடித்த மேலோட்டை உள்ளிருந்தே சூடாக்குகிறது. அதற்குள் மேலே அரிப்பு தொடங்கிவிடுவதால், சூடு இன்னும் ஏறிக்கொண்டிருக்கும்போதே அழுத்தம் இறங்கத் தொடங்குகிறது. உச்ச வெப்பத்தைப் பாறை அடையும் நேரத்தில் அது தன் உச்ச ஆழத்தை விட்டு ஏற்கெனவே கிளம்பியிருக்கும். அழுத்தத்தைச் செங்குத்து அச்சிலும் வெப்பத்தைக் கிடைமட்ட அச்சிலும் வைத்து இந்தப் பயணத்தை வரைந்தால், கடிகார முள் சுற்றும் திசையில் ஒரு வளையம் கிடைக்கும். மோதல் மலைகளின் கையெழுத்து என்று அந்த வளையத்தைச் சொல்லலாம்.

எல்லா மலைகளிலும் எல்லாப் பாறைகளும் இப்படிக் காத்திருப்பதில்லை. லடாக்கில் சோ மோரிரி ஏரிக்கரைப் பகுதியில் கிடைக்கும் எக்லோகைட்டுகளில், அதாவது மிக உயர்ந்த அழுத்தத்தில் உருவாகும் பாறைகளில், கோயசைட் இருக்கிறது. குவார்ட்ஸ் அந்த வடிவத்துக்கு மாற 27 கிலோபார் அளவில் அழுத்தம் வேண்டும்; அதாவது இந்திய நிலத்தட்டின் விளிம்பு சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் தொண்ணூறு கிலோமீட்டருக்கும் கீழே இழுத்துச் செல்லப்பட்டது. ஆனாலும் அது கெங்குவார்பட்டிக் கல்லை விடக் குளிர்ந்த பாறை. மூன்று மடங்கு ஆழம் போயும் சூடு குறைவாக இருப்பதற்குக் காரணம், அது அங்கே தங்கவில்லை என்பதுதான். போன வேகத்திலேயே திரும்பிவிட்டது. நம் பாறையோ அவ்வளவு ஆழம் போகவில்லை. போன இடத்திலேயே கோடிக்கணக்கான ஆண்டுகள் இருந்து வெந்தது. அழுத்தமும் வெப்பமும் சேர்ந்த வரலாறு என்று சொல்லும்போது, அதில் சொல்லாமல் இருக்கும் மூன்றாவது அளவு காலம்.

இனி அந்தக் கல்லுக்கே வருகிறேன். அதை அறுத்து, கண்ணாடித் தகட்டில் ஒட்டி, 0.03 மில்லிமீட்டர் தடிமன் வரும்வரை தேய்த்தால் ஒளி ஊடுருவும் சீவல் கிடைக்கும். நாங்கள் தின் செக்ஷன் என்போம். நுண்ணோக்கியில் வைத்தால் முதலில் தெரிவது கார்னெட். சாதாரண ஒளியில் வெளிறிய இளஞ்சிவப்பு. இரண்டு துருவமுனைப்பிகளுக்கு இடையே வைத்தால் மேடையை எப்படிச் சுழற்றினாலும் இருட்டாகவே இருக்கும். அதன் விளிம்பு நேர்கோடாக இல்லை. அரித்துத் தின்னப்பட்டதுபோல் குழிவு குழிவாக இருக்கிறது. அந்த விளிம்பிலிருந்து வெளிப்புறமாக, விரல்களைப் போலவும் மண்புழுக்களைப் போலவும் நெளிந்து நீளும் ஆர்த்தோபைராக்சின். மேடையைத் திருப்பினால் இளஞ்சிவப்பிலிருந்து வெளிர்பச்சைக்கு நிறம் மாறும். விரல்களுக்கு இடையிலுள்ள சந்துகளை நிறமற்ற கார்டியரைட் நிரப்பியிருக்கிறது. ஒவ்வொரு விரலும் தலைமுடியின் அளவைவிட மெல்லியது. இன்னொரு மூலையில் ஒரு சில்லிமனைட் பட்டகம். அதைச் சுற்றி உறை போட்டதுபோல் கருநீலச் சஃபிரினும் கார்டியரைட்டும் பின்னிக் கிடக்கின்றன. கைக்கல்லில் நான் கண்ட நீலப் புள்ளிகள் இவைதாம்.

இந்தக் காட்சிக்கு ஒரு பொருள் உண்டு. கார்னெட்டும் குவார்ட்ஸும் சேர்ந்து ஆர்த்தோபைராக்சினாகவும் கார்டியரைட்டாகவும் மாறும் வினை நடந்துகொண்டிருந்தது, முடிவதற்குள் நின்றுவிட்டது. ஆர்த்தோபைராக்சினும் சில்லிமனைட்டும் சேர்ந்து சஃபிரினாகவும் கார்டியரைட்டாகவும் மாறும் வினையும் அப்படியே. கார்னெட்டின் அடர்த்தி 4-ஐ ஒட்டியது. கார்டியரைட்டின் அடர்த்தி 2.6 தான். அடர்ந்த கனிமம் அழிந்து, இடம் அதிகம் கேட்கும் கனிமம் பிறக்கிறது என்றால், மேலே இருந்த சுமை இறங்கிக்கொண்டிருந்தது என்று அர்த்தம். சூட்டை அவ்வளவாக இழக்காமலே அழுத்தத்தை இழந்த பாறையின் அடையாளம் இது. விரல்கள் மெல்லியவையாக இருப்பதற்கும் காரணம் உண்டு: அலுமினியம் போன்ற அணுக்கள் நெடுந்தூரம் நகர முடியவில்லை, பிறந்த இடத்துக்குப் பக்கத்திலேயே ஒதுங்கிப் படிகமாகிவிட்டன.

முழுமையாகச் சமநிலை அடைந்த பாறை மிக ஒழுங்கானது. தானியங்கள் ஒன்றோடொன்று 120 டிகிரிக் கோணத்தில் சந்திக்க, பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அது தன் பயணத்தில் ஒரே ஒரு புள்ளியைத்தான் சொல்லும். பயணத்தின் திசையைச் சொல்வது முடிக்கப்படாமல் விடப்பட்ட வினைகள்தாம். பாதி தின்னப்பட்ட கார்னெட்டும், உறைக்குள் தப்பிப் பிழைத்த சில்லிமனைட்டும் இல்லாவிட்டால், கெங்குவார்பட்டிக் கல் ஒரு முகவரியை மட்டும் தந்திருக்கும். வந்த வழியைத் தந்திருக்காது. அதனால்தான் மாணவர்கள் சீவலைப் பார்த்ததும் கனிமங்களின் பட்டியலை எழுதத் தொடங்கும்போது நான் நிறுத்தச் சொல்கிறேன். எது எதைத் தொடுகிறது, எது எதைத் தொடாமல் விலகி நிற்கிறது, எது எதற்குள் அடைபட்டிருக்கிறது என்று முதலில் எழுத வேண்டும். பட்டியல் பிறகு தானாக வரும்.

இதை நான் கற்றுக்கொண்டது ஒரு தவறின் வழியாக. என் ஆய்வேட்டுக்காக அந்தப் பாறையிலிருந்த கார்னெட்டையும் பயோட்டைட் என்னும் கருப்பு மைக்காவையும் மின்னணு நுண்சலாகையில் (நுண்புள்ளி அளவில் வேதியியலை அளக்கும் கருவி) அளந்து, இரும்பும் மக்னீசியமும் அவ்விரண்டுக்கும் இடையே எப்படிப் பங்கிடப்பட்டிருக்கின்றன என்பதிலிருந்து வெப்பநிலையைக் கணக்கிட்டேன். ஃபெர்ரியும் ஸ்பியரும் 1978-ல் சோதனைச்சாலையில் அளந்து கொடுத்த சமன்பாடு அது. பாடப்புத்தகங்களில் எல்லாம் இருக்கும். விடை 680 டிகிரி வந்தது. பாறையின் உச்ச வெப்பநிலை 680 என்று தட்டச்சு செய்து, கோடிட்டு, ஆசிரியரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் பக்கத்தைப் புரட்டவில்லை. குவார்ட்ஸ் மிகுந்த பட்டையிலிருந்து வெட்டிய இன்னொரு சீவலை நுண்ணோக்கியில் வைத்து, ஓரிடத்தை நடுவில் கொண்டுவந்து, என்னைப் பார்க்கச் சொன்னார். ஆர்த்தோபைராக்சினும் சில்லிமனைட்டும் குவார்ட்ஸும் மூன்றும் தொட்டுக்கொண்டு, இடையில் எந்த வினையும் இல்லாமல், சாதுவாக நின்றிருந்தன. “இந்த மூணும் சேர்ந்து நிக்கிறதுக்கு எவ்வளவு சூடு வேணும்னு படிச்சிருக்கீங்கல்ல? அப்புறம் 680 எங்கிருந்து வந்துச்சு?” என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை.

அந்த மூன்றும் ஒன்றாக நிற்க 900 டிகிரிக்கு மேல் வேண்டும். 680 என்ற எண் பொய்யல்ல. ஆனால் அது உச்சத்தின் எண் அல்ல. இரும்பும் மக்னீசியமும் எளிதில் இடம் மாறிக்கொள்ளும் தனிமங்கள். பாறை குளிரும்போதும் அவை கார்னெட்டுக்கும் பயோட்டைட்டுக்கும் இடையே பரிமாற்றத்தைத் தொடர்ந்துகொண்டே இருக்கும். இனி நகர முடியாத அளவுக்குக் குளிர்ந்த பிறகுதான் நிற்கும். நான் அளந்தது அந்தப் பரிமாற்றம் நின்ற வெப்பநிலையை. உயர்தர உருமாற்றப் பாறைகளில் இந்தப் பொறி எங்கும் உண்டு. கடிகாரம் நின்ற நேரத்தைப் பார்த்துவிட்டு விருந்து நடந்த நேரம் அதுவே என்று எழுதிவிடக் கூடாது. உச்சத்தைப் பிடிக்க, எளிதில் நகராத தனிமங்களைத் தேட வேண்டும். ஆர்த்தோபைராக்சினுக்குள் புகுந்திருக்கும் அலுமினியம் அப்படிப்பட்டது. மிக உயர்ந்த வெப்பத்தில் உருவான ஆர்த்தோபைராக்சினில் எடையளவில் 8 முதல் 10 விழுக்காடு வரைகூட அலுமினா இருக்கும். ரூட்டைல் என்னும் டைட்டானியம் கனிமத்தில் கரைந்திருக்கும் சிர்க்கோனியம் இன்னொரு நம்பகமான சாட்சி. இப்போது பலரும் பாறையின் முழு வேதியியல் கூட்டமைவைக் கொடுத்து, எந்த அழுத்தத்தில் எந்த வெப்பத்தில் எந்தக் கனிமக் கூட்டம் நிலைக்கும் என்று கணினியில் ஒரு முழு வரைபடமே போட்டுவிடுகிறார்கள். ரோஜர் பவலும் டிம் ஹாலண்டும் பல்லாண்டுகளாகச் செதுக்கிவரும் தெர்மோகால்க் என்ற நிரல் இதற்குப் பெயர் பெற்றது. நல்ல கருவிதான். இருந்தாலும் சீவலைப் பார்க்காமல் நிரலில் தொடங்குகிறவர்களைக் கண்டால் எனக்குக் கவலையாகவே இருக்கும். எந்தக் கனிமம் எதனோடு ஒரே காலத்தில் இருந்தது என்பதை நிரலுக்கு நாம்தான் சொல்லிக் கொடுக்கிறோம்.

நீலக் கனிமத்தைப் பற்றியும் சில வார்த்தைகள். சஃபிரின் என்பது மக்னீசியமும் அலுமினியமும் மிகுந்து, சிலிக்கா குறைந்த கனிமம். நீலக்கல்லின் நிறத்தைக் கொண்டிருப்பதால் அந்தப் பெயர். அது குவார்ட்ஸைத் தொட்டபடி நிற்கிறது என்றால் வெப்பம் ஆயிரம் டிகிரியை ஒட்டியதாக இருக்க வேண்டும். 1968-ல் அண்டார்டிகாவின் எண்டர்பி லேண்டிலிருந்து வந்த பாறையில் இந்த இணை இருப்பதாக டால்விட்ஸ் அறிவித்தார். கண்டத்தின் மேலோடு அவ்வளவு சூடாகியும் முற்றிலும் உருகிப்போகாமல் இருக்க முடியும் என்பதை ஏற்றுக்கொள்ள அறிவுலகத்துக்குச் சற்றுக் காலம் பிடித்தது. இன்று 900 டிகிரிக்கு மேற்பட்ட உருமாற்றத்துக்கு மீயுயர் வெப்ப உருமாற்றம் என்று தனிப்பெயரே இருக்கிறது. மதுரைத் தொகுதி என்று நிலவியலார் அழைக்கும் பகுதி அதற்கு உலகளவில் நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு. கடலுக்கு அப்பால் இலங்கையின் ஹைலேண்ட் தொகுதியில் சுமார் 1150 டிகிரியும் 12 கிலோபாரும் கணக்கிடப்பட்டிருக்கின்றன. கோண்டுவானாவில் இவ்விரண்டும் பக்கத்துப் பக்கத்து நிலங்கள். ஒரே மலையின் அடியில் வெந்தவை.

அவ்வளவு சூடு எங்கிருந்து வந்தது? பழைமையான கண்டப் பகுதிகளில் முப்பத்தைந்து கிலோமீட்டர் ஆழத்தில் இன்று 400, 500 டிகிரி இருக்கும். அதை இரட்டிப்பாக்க வேண்டும். மேலோட்டுக்குக் கீழுள்ள மூடகத்தின் பாறைக்குழம்பு வந்து சூடேற்றியது என்பது ஒரு விளக்கம். மலை திபெத்தைப் போல அகன்ற பீடபூமியாகி, அரிப்பு மெதுவாகி, கதிரியக்கத் தனிமங்கள் செறிந்த தடித்த மேலோடு பல கோடி ஆண்டுகள் அப்படியே இருந்து தன்னைத் தானே சூடாக்கிக்கொண்டது என்பது இன்னொன்று. மதுரைத் தொகுதியைப் பொறுத்தவரை இரண்டாவது விளக்கத்தின் பக்கமே என் மனம் சாய்கிறது. அதற்கான பொருள் நம் கடற்கரையிலேயே கிடக்கிறது. மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் அள்ளப்படும் கனிம மணலில் மோனசைட் என்ற கனிமம் இருப்பதும், அதில் தோரியம் இருப்பதும் எல்லாருக்கும் தெரிந்த செய்தி. அந்த மோனசைட் கடலில் பிறந்ததல்ல. தெற்கேயுள்ள இதே வகை உயர்தர உருமாற்றப் பாறைகள் மழையில் சிதைந்து, ஆறுகளால் அடித்துவரப்பட்டு, அலைகளால் சலித்தெடுக்கப்பட்டது. இன்று கைநிறைய அள்ளும் கரிய மணலிலுள்ள தோரியம், ஒரு காலத்தில் மலையின் அடியில் இருந்துகொண்டு பாறையைச் சூடாக்கிய தோரியத்தின் ஒரு பங்கு.

சூடு ஏறிய பாறை மறுபடி குளிரும்போது, வந்த வழியே எல்லா வினைகளும் திரும்பி நடந்து, பழைய அடையாளங்களை அழித்திருக்க வேண்டாமா என்று மாணவர்கள் கேட்பதுண்டு. நல்ல கேள்வி. விடை நீரில் இருக்கிறது. 800 டிகிரிக்கு மேல் பயோட்டைட் போன்ற நீருள்ள கனிமங்கள் உடைந்து, பாறையின் ஒரு பகுதி உருகுகிறது. உருகிய குழம்பு நீரைத் தன்னோடு எடுத்துக்கொண்டு மேலே போய்விடுகிறது. மிஞ்சுவது வறண்ட சக்கை. நீரில்லாத பாறையில் அணுக்கள் நகர்வது மிகக் கடினம். ஆகவே குளிரும் காலத்தில் வினைகள் தொடங்கினாலும் முடிவதில்லை. நம் ஊர்க் கட்டட வேலைக்கு வரும் கருங்கல்லின் உறுதிக்கும் இந்த வறட்சியோடு தொடர்பு உண்டு. பல்லாவரத்துக் குவாரிகளில் உடைத்து, ஜல்லியாகச் சென்னையின் கான்கிரீட்டுக்குள் போன கல் சார்னோக்கைட். நீர் மிகுந்த கனிமங்களின் இடத்தில் ஆர்த்தோபைராக்சின் உட்கார்ந்திருக்கும், வறண்ட, ஆழத்துப் பாறை அது. 1893-ல் தாமஸ் ஹாலண்ட் அதற்குப் பெயர் வைத்தபோது, கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறையில் பதித்த கல் அதே வகையைச் சேர்ந்ததும் சென்னைப் பகுதியிலிருந்து போனதும் என்பதைக் கொண்டே அந்தப் பெயரைத் தேர்ந்தார். உலகெங்கும் இன்று வழங்கும் பாறைப் பெயர் ஒன்று நம் பரங்கிமலைப் பக்கத்துக் கல்லுக்கு வைத்த பெயர் என்பதை ஒவ்வொரு ஆண்டும் புது மாணவர்களிடம் சொல்லும்போது எனக்கே மகிழ்ச்சியாக இருக்கும்.

ஆனால் இங்கேதான் நான் முன்பு சொன்ன நிதானம் தேவைப்படுகிறது. பல்லாவரத்துச் சார்னோக்கைட் உருமாறியது சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன். கெங்குவார்பட்டிக் கல் அந்த உச்ச வெப்பத்தைக் கண்டது ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன். இரண்டும் கிரானுலைட் என்னும் மிக உயர்ந்த உருமாற்றத் தரத்தைச் சேர்ந்தவை, இரண்டிலும் ஆர்த்தோபைராக்சின் உண்டு. இருந்தும் இடையில் ஏறத்தாழ 200 கோடி ஆண்டு இடைவெளி. நிலப்பகுதிகள் ஒன்றையொன்று உரசி நகர்ந்த பாலக்காடு–காவிரி வெட்டு மண்டலத்துக்கு வடக்கே பழையது, தெற்கே புதியது என்று கோடு போட்டுப் பிரிப்பதும் எளிதல்ல. மதுரைத் தொகுதியின் வடமேற்குப் பகுதியிலேயே 250 கோடி ஆண்டுப் பழைமையுள்ள சார்னோக்கைட் கிடைக்கிறது, அதன்மேல் பிந்திய உருமாற்றமும் பதிந்திருக்கிறது. அப்படிப்பட்ட பாறை ஒன்றில் பெரிய கார்னெட் ஒரு கட்டத்தையும், அதன் விளிம்பிலுள்ள விரல் வடிவங்கள் மற்றொரு கட்டத்தையும் காட்டும்போது, இரண்டு புள்ளிகளையும் ஓர் அம்பால் இணைத்து, இதோ இந்த மலையின் பாதை என்று வரைந்துவிடக் கை துடிக்கும். அந்த அம்பின் வாலும் தலையும் வெவ்வேறு மலைகளுக்கு உரியவையாக இருக்கலாம். அம்பு மிக அழகாக வளைந்திருக்கும் படங்களைப் பார்க்கும்போது, அதிலுள்ள புள்ளிகளுக்கு வயது அளந்திருக்கிறார்களா என்று முதலில் தேடுகிறேன்.

வயதை அளக்க மறுபடியும் மோனசைட்தான் உதவுகிறது. சீவலிலிருந்து அதைப் பிரித்தெடுக்காமல், இருக்கும் இடத்திலேயே வைத்து யுரேனியம், தோரியம், ஈயம் ஆகியவற்றை அளக்க முடியும் என்பதுதான் கடந்த சில பத்தாண்டுகளில் நடந்த பெரிய மாற்றம். கார்னெட்டுக்குள் அடைபட்டிருக்கும் மோனசைட் துகள் ஒரு வயதையும், விரல் வடிவங்களுக்கு இடையே கார்டியரைட்டில் கிடக்கும் துகள் ஒரு வயதையும் தரும். இரண்டும் அருகருகே வந்தால் அம்பை வரையலாம். தூரமாக வந்தால் இரண்டு கதைகளைத் தனித்தனியாக எழுத வேண்டும். கீழே போன பயணத்தின் தடயங்கள் இன்னும் அரிது: 700 டிகிரிக்கு மேல் கார்னெட்டின் உள்ளே இருந்த பழைய வேதியியல் வளையங்கள் கரைந்து சமமாகிவிடும். வளர்ந்துகொண்டிருந்த கார்னெட் தனக்குள் விழுங்கி அடைத்துக்கொண்ட சின்னஞ்சிறு கனிமங்கள் மட்டுமே அந்தக் கட்டத்தைப் பற்றிப் பேசும். ஒரு கார்னெட்டின் நடுவே கூந்தற்பனை நாரைப் போல வரிசையாக அடுக்கிக் கிடக்கும் சில்லிமனைட் ஊசிகளைக் கண்டால் நான் அந்தச் சீவலை எளிதில் மேடையிலிருந்து எடுப்பதில்லை.

என் கல்லின் சீவலில் நான் அடிக்கடி திரும்பிப் பார்க்கும் இடம் இன்னொன்று. கார்டியரைட்டின் நடுவே, தூசியளவில் ஒரு மோனசைட் துகள். அதைச் சுற்றி எலுமிச்சை மஞ்சளில் ஒரு வட்டம். மேடையைத் திருப்பினால் மஞ்சள் கூடிக் குறையும். துகளிலுள்ள தோரியமும் யுரேனியமும் சிதையும்போது வெளிவிடும் ஆல்ஃபா துகள்கள் சுற்றியுள்ள படிகத்தைத் துளைத்துச் சேதப்படுத்தியதால் வந்த நிறம் அது. ஆல்ஃபா துகள் படிகத்தினுள் அவ்வளவு தூரம்தான் போக முடியும் என்பதால், வட்டத்தின் விளிம்பு மையத்திலிருந்து மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு தொலைவிலேயே முடிந்துவிடுகிறது. மலையைச் சூடாக்கிய அதே சிதைவு, மலை போன பிறகும், கல் குளிர்ந்த பிறகும், ஓயாமல் நடந்துகொண்டிருப்பதை அந்த மஞ்சள் வளையத்தில் கண்ணாலேயே பார்க்கலாம்.

அதற்குச் சற்றுத் தள்ளி ஒரு விரிசல் ஓடுகிறது. விரிசலின் இரு கரையிலும் கார்டியரைட் தெளிவு இழந்து, பசுமஞ்சள் நிறத்தில் பினைட்டாக, அதாவது நுண்ணிய மைக்காக் கலவையாக மாறியிருக்கிறது. மிகப் பிந்திய காலத்தில், கல் மேலே வந்துகொண்டிருந்தபோது, வெளியிலிருந்து கசிந்த நீர் அந்த விரிசல் வழியாக நுழைந்து கார்டியரைட்டைத் தொட்டிருக்கிறது. ஆயிரம் டிகிரியில் தொடங்கும் பாதையில் இது கடைசித் திருப்பம். சில நூறு டிகிரியில், சில கிலோமீட்டர் ஆழத்தில். அந்த வினையும் முடியவில்லை. விரிசலிலிருந்து ஒரு தலைமுடி அகலம் போனதும் பினைட் நின்றுவிடுகிறது. அதற்கப்பால் கார்டியரைட் மறுபடியும் கண்ணாடிபோல் தெளிந்திருக்கிறது.